நெடுந்தீவைப் பற்றித் தெரிந்து கொள்வோம்



பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இலங்கைப் படம் இருக்கும். அதை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் விரித்து வையுங்கள். நடுவில் நாம் இருக்கிற மலைநாடு. மேலே தலைப்பக்கம் யாழ்ப்பாணம். அதற்கு இடது கைப்பக்கமாகப் பார்த்தால், முறத்திலிருந்து சிந்திய அரிசி மாதிரி கடலில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்று அவற்றுக்குப் பெயர். ஆட்கள் குடியிருக்கும் தீவுகளில் கரையை விட்டு மிகவும் தள்ளி, தனியாக நிற்கிற புள்ளிதான் நெடுந்தீவு. இந்த முறை அந்த ஊரைப் பற்றிப் பார்ப்போம்.

தேயிலை மலையில் இருக்கிற நமக்கு நடுக்கடலில் இருக்கிற ஊரைப் பற்றி எதற்கு என்று கேட்பீர்கள். நாங்களும் அங்கே போகும் வரை அப்படித்தான் நினைத்தோம். ஒரு ஆகஸ்ட் விடுமுறையில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கு நேர்த்திக் கடனுக்காகப் பன்னிரண்டு பேர் போயிருந்தோம். வந்தது வந்தோம், நெடுந்தீவையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று யாரோ சொல்ல, அடுத்த நாள் காலையில் புங்குடுதீவின் முனையில் உள்ள குறிகட்டுவான் துறைக்குப் போய் நின்றோம். அங்கிருந்து படகு சுமார் ஒரு மணி நேரம் ஓடுகிறது. அது சோளகக் காற்றுக் காலம். நம்ம ஆட்களில் பாதிப் பேர் தலையை முழங்காலுக்குள் வைத்துக் கொண்டார்கள். லொறியில் வளைவு வளைவாகப் போய்ப் பழகிய வயிறும் கடலைத் தாங்கவில்லை.

இறங்கிப் பார்த்தால் ஒரு மேடு கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தட்டையான வெளி, பனை, வெள்ளைக் கல் வேலி. தீவின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர், தோட்டக் கணக்கில் சொன்னால் 5,000 ஹெக்டேயர். நம் பெரிய தோட்டங்கள் பத்தை அதற்குள் வைக்கலாம். ஆனால் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கே இருந்தவர்கள் 3,824 பேர் மட்டும். ஆறு கிராம சேவகர் பிரிவுகள், ஒரு பிரதேச செயலகம், ஒரு ஆஸ்பத்திரி, சில பாடசாலைகள், கோயில்கள், கிறிஸ்தவ ஆலயங்கள். உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகள் நடப்பதற்கு வழி செய்த தனிநாயகம் அடிகளாருக்கும் தந்தை வழியில் இதுதான் ஊர்.

ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு ஊர்களின் பெயரை வைத்தார்கள். மற்றப் பெயர்கள் மறைந்து போய்விட்டன. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் இன்றைக்கும் அரசாங்கக் கடிதங்களில் இருக்கிறது. எடின்பரோ, கிளாஸ்கோ என்று வெள்ளைக்காரன் வைத்த பெயரில் இன்னும் தோட்டம் வைத்திருக்கிற நமக்கு இது ஆச்சரியமில்லை.

முதலில் தண்ணீரைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஊர்ச் சீவியம் முழுக்க அதிலேதான் தொங்குகிறது. நமக்குப் பீலியில் தண்ணீர் விழுகிறது. குழாய் உடைந்தால் சண்டை போடுகிறோம், அது வேறு. அங்கே ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கல். மாரியில் பெய்கிற மழை அந்தக் கல்லின் துவாரங்களில் இறங்கித் தங்குகிறது. நல்ல தண்ணீர் இலேசு, உப்புத் தண்ணீர் பாரம். அதனால் கடலிலிருந்து உள்ளே வந்து நிற்கும் உப்புத் தண்ணீரின் மேலே நல்ல தண்ணீர் ஒரு படையாக மிதக்கிறது. சோற்றுக் கஞ்சியின் மேலே ஆடை நிற்கிற மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். பட்டையாலோ வாளியாலோ அளவாக அள்ளினால் அது கிடைக்கும். ஆசைப்பட்டு மோட்டார் வைத்து இறைத்தால் மேல்தண்ணீர் தீர்ந்து உப்பு ஏறிவிடும். ஒரு தடவை உப்பு ஏறிய கிணறு திரும்ப நல்லதாவதற்குப் பல மழை வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் பல கிணறுகளில் உவர்தான். கடல் நீரின் உப்பைப் பிரிக்கும் இயந்திரங்களைப் பிறகு கொண்டு வந்தார்கள். அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு டீசல் வேண்டும். டீசல் படகில் வரவேண்டும். சூரிய ஒளி, காற்றைக் கொண்டு நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் மின்சாரம் கொடுக்க முதலில் ஒரு சீனக் கம்பனி வருவதாக இருந்து, இந்தியா ஆட்சேபித்து அது நின்று போனது. 2024 மார்ச்சில்தான் இந்திய நன்கொடை 11 மில்லியன் டொலரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு சின்ன ஊரின் விளக்குக்கு இரண்டு பெரிய நாடுகள் வந்து நின்றதைப் பாருங்கள்.

நாங்கள் போன வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தார். திண்ணையில் இருந்து பனையோலைக் கடகம் பின்னிக் கொண்டிருந்தார். பார்த்தவுடன், "எங்கை இருந்து வாறியள்?" என்று கேட்டார். மலையகம் என்றோம். "அங்கை மழையாமே, எப்பவும்?" என்றார். கூட வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். "அம்மா, இங்க எப்படி, என்ன வருமானம்?" என்று கேட்டோம். "மழை பெய்தால் எல்லாம் இருக்கு தம்பி. பெய்யாட்டி ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் பின்னத் தொடங்கினார்.

அந்த ஒன்றும் இல்லாத காலத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைத்தான் நாங்கள் அங்கே கவனமாகக் கேட்டுக் கொண்டோம். நமக்குப் பேர் விழுந்தால் சம்பளம், அரைப் பேர் என்றால் அரைச் சம்பளம், கொழுந்து இல்லாவிட்டால் கடன். ஒரே ஒரு வாசல்தான். அங்கே பிரட்டும் இல்லை, செக்ரோலும் இல்லை. அதற்குப் பதிலாக நாலைந்து சின்ன வாசல்கள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் வருஷத்தில் சில மாதம்தான் திறக்கும். எதுவும் தனியாக ஒரு குடும்பத்தைத் தாங்காது. ஐப்பசி மழைக்கு நெல் விதைத்துத் தையில் அறுப்பார்கள். அது மானாவாரி, வருஷத்துக்கு ஒரு போகம்தான், மழை பிழைத்தால் வைக்கோல்தான் மிச்சம். அதன் பிறகு பனை, அதன் பிறகு கடல், இடையில் எப்போதும் மாடும் ஆடும்.

பனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் நம் பக்கத்துப் பிள்ளைகள் பனங்கட்டியைக் கடையில் பார்த்திருப்பார்களே தவிர மரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். வெயில் மாதங்களில் பாளையைச் சீவி முட்டி கட்டுவார்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் இனிப்பான கருப்பநீர், தடவாவிட்டால் கள்ளு. கருப்பநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஆடி, ஆவணியில் பழம் விழும். பழத்தைப் பிசைந்து களியைப் பாயில் ஊற்றி, காயக் காய மேலே மேலே ஊற்றினால் பனாட்டு. விதையை எறிய மாட்டார்கள். பாத்தி போட்டுப் புதைத்தால் சில மாதத்தில் கிழங்கு வரும். கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயப்போட்டால் ஒடியல், அவித்துக் காயப்போட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மா எடுத்துப் பிட்டு அவிக்கலாம், மீன் போட்டுக் கூழ் காய்ச்சலாம். ஓலை வீட்டுக்கு, வேலிக்கு, பாய்க்கு, கடகத்துக்கு. நார் கயிற்றுக்கு. மரம் வளைக்கு. ஒரு தண்ணீர் ஊற்றாமல், ஒரு மூட்டை உரம் போடாமல் இத்தனையும். இந்த மரத்துக்காகவே அரசாங்கம் 1978 இல் பனை அபிவிருத்திச் சபையை ஏற்படுத்தியது. ஆனால் மரம் ஏற இளைஞர்கள் வருவது குறைந்துவிட்டது. ஏறியவர் விழுந்தால் குடும்பமே விழுகிறது, கிடைக்கிற மரியாதையும் குறைவு என்றால் எந்தப் பிள்ளை ஏறும்? மருந்து அடிக்கிற வேலைக்கு ஆள் வராத தோட்டத்தில் இருக்கிற நாம் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மாடுகளைக் கட்டி வைத்துத் தீனி போடுவதில்லை. வெளியில் விட்டுவிடுகிறார்கள். மாரியில் புல் முளைத்தால் பால் இருக்கும். கோடையில் மாடு தோலும் எலும்பும். பாலை விற்பதும் கஷ்டம். காலையில் கறந்த பால் படகு ஏறி, பஸ் ஏறி யாழ்ப்பாணம் போவதற்குள் திரிந்துவிடும். ஆகவே முன்னாட்களில் பாலை நெய்யாக்கி அனுப்பினார்கள். சாணத்தைக் கூட விடவில்லை. காய்ந்த எருவை வள்ளத்தில் ஏற்றி யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களுக்கு விற்றார்கள். நம் பாட்டிமார் வெற்றிலையோடு அடக்கி வைத்துக் கொழுந்து பறித்த யாழ்ப்பாணப் புகையிலைக்குள் நெடுந்தீவு மாட்டின் எருவும் கொஞ்சம் இருந்திருக்கும்.

குதிரையைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் கோபிப்பார்கள். நெடுந்தீவில் சொந்தக்காரர் இல்லாத குதிரைகள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. போர்த்துக்கேயர் கொண்டு வந்து, ஒல்லாந்தர் பெருக்கி, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி பொறுப்பாக இருந்து வளர்த்த குதிரைகளின் வம்சம் அவை. அந்த லாயத்தின் கல் தூண்கள் இன்றைக்கும் நிற்கின்றன. வெள்ளைக்காரன் வேலை முடிந்து போய்விட்டான், குதிரைகள் அங்கேயே நின்றுவிட்டன. கடல் தாண்டிக் கொண்டு வரப்பட்டு, வேலை வாங்கப்பட்டு, பிறகு உங்கள் பாட்டைப் பாருங்கள் என்று விடப்பட்டவர்களைப் பற்றி நமக்கும் கொஞ்சம் தெரியும், அதனால் அந்தக் குதிரைகளைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு மாதிரி இருந்தது. கோடை கடுமையான வருஷங்களில் தண்ணீர் இல்லாமல் குதிரைகள் செத்து விழுந்திருக்கின்றன. 2015 இல் தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலத்தைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். குதிரைக்கு நல்லது. ஆனால் அதே வெளியில்தானே ஊர் மாடும் மேய்கிறது. மனிதனுக்கே தண்ணீர் போதாத இடத்தில் குதிரைக்கும் மாட்டுக்கும் யார் தொட்டி கட்டுவது என்பது லேசான கேள்வி இல்லை.

சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் குதிரை, உடைந்த கோட்டை, உள்ளே ஆள் புகுந்து நிற்கக்கூடிய பெருக்க மரம், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான். ஓட்டோவுக்கும் ஒரு சோடாவுக்கும் கொடுத்த காசு மட்டும் அங்கே மிஞ்சியது.

கடலில் மீன், நண்டு எல்லாம் இருக்கிறது. ஆனால் கடல் அவர்களுடையதாக மட்டும் இல்லை. இந்தியக் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் இரவில் அடியோடு வாரிக் கொண்டு போகின்றன, விரித்த வலைகளையும் அறுத்துவிடுகின்றன. இழுவை மடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டம் போட்டுத் தடுத்தது. நெடுந்தீவுக் கடலில் இந்திய மீனவர் கைது என்று வானொலியில் அடிக்கடி சொல்வது இதைத்தான். இரண்டு கரையிலும் வலை இழுக்கிறவன் தமிழ் பேசுகிற ஏழைதான். இழுவைப் படகின் சொந்தக்காரன் கடலுக்கு வருவதில்லை. 1974 இல் இலங்கைக்கு வந்த கச்சதீவும் நெடுந்தீவுப் பிரதேசத்தைச் சேர்ந்ததுதான். அங்கே அந்தோனியார் திருவிழாவில் வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு பக்கத்தாரும் ஒன்றாக முழங்காலில் நிற்கிறார்கள்.

இனிப் படகு. நமக்குத் தோட்டத்து ரோட்டு எப்படியோ, அவர்களுக்குப் படகு அப்படி. அரிசி, மண்ணெண்ணெய், சீமெந்து, தபால், ஆசிரியர், டொக்டர், பிரேதம் எல்லாம் படகில்தான். ஒரு பெண்ணுக்கு இரவில் வலி வந்து, ஊர் ஆஸ்பத்திரியில் முடியாது என்று சொல்லிவிட்டால், கடல் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த வேலை. கர்ப்பிணிகளைக் கொழுந்து லொறியில் ஏற்றிக் கொண்டு போன ராத்திரிகள் எங்கள் உத்தியோகத்திலும் உண்டு. ஒரு மழை ராத்திரி ரோட்டு உடைந்து, பாதி வழியில் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக் கொண்டு நடந்தோம். தாய் பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை. ஆகவே அங்கே ஒரு மருத்துவமாது கடலைக் காட்டிப் பேசும்போது எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தப் படகுகளில் குமுதினி என்ற பெயரை ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். 1985 மே 15 ஆம் திகதி பயணிகளோடு போன குமுதினியை நடுக்கடலில் மறித்து, பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் 23 பேருக்குக் குறையாமல் வெட்டிக் கொன்றார்கள். கடற்படையினர்தான் செய்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் துறையடியில் விளக்கு ஏற்றுகிறார்கள். அதே படகு பழுது பார்க்கப்பட்டுப் பிறகும் பல வருஷம் அதே கடலில் ஓடியது. அதில் ஏறாமல் இருக்க அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. வடதாரகை வந்தது, 2017 ஜனவரியில் நெடுந்தாரகை என்ற படகும் சேவைக்கு வந்தது. காற்று பலமாக இருக்கிற நாளில் எல்லாப் படகும் நின்றுவிடும்.

யுத்த காலத்தில் கடலுக்குப் போக நேரம், பாஸ் என்று கட்டுப்பாடுகள். பலர் வெளிநாட்டுக்குப் போனார்கள். அதற்கு முன்பே வேறொரு போக்கும் இருந்தது. கிளிநொச்சிப் பக்கம் அரசாங்கம் குளத்துத் தண்ணீரோடு காணி பிரித்துக் கொடுத்த காலத்தில் நெடுந்தீவுக் குடும்பங்கள் அங்கே போய் நெல் விதைத்தன. 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வன்னிக்குப் போன நம் உறவுகளும் அதே வாய்க்காலுக்குப் பக்கத்தில்தான் போய் நின்றார்கள். அவர்கள் உறுதிப் பத்திரத்தோடு, நம் ஆட்கள் பெரும்பாலும் மண்வெட்டியோடு. ஒருத்தர் காணிக்காரர், ஒருத்தர் கூலி. இதைச் சொல்வது சண்டைக்கு இல்லை. காணி இருந்தவன் உப்புக் கிணற்றை விட்டுப் போனாலும் இன்னொரு காணிக்குப் போக முடிந்தது. காணி இல்லாதவன் லயத்தை விட்டுப் போய் இன்னொருத்தன் வளவில் குடிசை போட்டான். நூறு வருஷத்துக்கு மேல் வேலை செய்தும் ஏழு பேர்ச், பத்து பேர்ச் என்று பேச்சுக் கேட்டுக் கொண்டிருக்கிற நமக்கு அந்த வித்தியாசம் நன்றாக விளங்கும்.

பெண்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பகுதி வழக்கங்களை ஒல்லாந்தர் 1707 இல் தேசவழமை என்று எழுதி வைத்தார்கள். அதன்படி காணி, வளவு பெரும்பாலும் சீதனமாக மகளின் பெயருக்குப் போகிறது. சீதனத்தால் வரும் கண்ணீர் அங்கே நிறைய உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கடகம் பின்னிய அம்மா, "இந்த வளவு என்ரை பேரிலைதான்" என்று சாதாரணமாகச் சொன்னபோது, எங்களோடு வந்த அக்காமார் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர்கள் அவர்கள். தன் சம்பளத்துக்குப் புருஷன் கையெழுத்துப் போட்டு வாங்கிய காலத்தையும் பார்த்தவர்கள். படகில் திரும்பும்போது அதைப் பற்றியே பேசிக் கொண்டு வந்தார்கள்.

ஆனால் வளவு இருந்தும் அந்த அம்மா வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். ஒரு மகன் கனடா. ஒரு மகள் கிளிநொச்சி. பேரப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் தங்கிப் படிக்கிறான். பக்கத்து வளவுகளில் கல் வேலி ஒழுங்காக நிற்கிறது, வீட்டுக்குக் கூரை இல்லை, உள்ளே ஆடு படுத்திருக்கிறது. காணி இருந்தால் போதும், ஊர் நிற்கும் என்று நாங்கள் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். அங்கே காணி இருந்தது. தண்ணீரும், படகும், ஒரு இளைஞனுக்கு மாதா மாதம் கையில் வரும் காசும்தான் இல்லை.

புறப்படும்போது ஒரு பொட்டலம் புழுக்கொடியல் கட்டித் தந்தார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை. படலை வரைக்கும் வந்து, "உங்கடை பக்கம் பிள்ளையள் ஊரோடை நிக்குதுகளோ?" என்று கேட்டார்.

எங்கள் டிவிசனில் பத்தாம் நம்பர் லயத்தை மனதுக்குள் எண்ணிப் பார்த்தோம். இருபத்து நாலு காம்பரா. கொழும்புக் கடைகளிலும் கார்மெண்டிலும் பிள்ளைகள் இல்லாத காம்பரா நாலுதான் வந்தது. "பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவாங்க அம்மா" என்றோம். அவர் தலையை ஆட்டிக் கொண்டார். துறையில் கடைசிப் படகுக்கு மணி அடித்தது. ஓடினோம்.